அங்கேயும் வெயில் எறித்தது

வெயிலுக்குப் பதிலாக வாங்கிவைத்த விளக்கை நேரே பார்க்கக் கூடாது, ஆனால் வெளிச்சம் முகத்தில் படவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சுகிர்தமலர் கதிரையைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு, மேசைப் பலகையைப் பார்த்தபடி இருந்தாள். காலை நேரம்தான். யன்னலுக்கு வெளியே நடுச்சாமம் போலக் கிடந்தது. நோர்வேயின் வடக்கு நுனியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஊரில், கார்த்திகை முடிகிறபோது போகிற சூரியன் தை மாதக் கடைசியில்தான் தலைகாட்டும். அதுவரைக்கும் மதியத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளுக்கும், பிறகு மூடிக்கொள்ளும். யன்னல் கண்ணாடியில் விளக்கின் பெரிய வெள்ளைத் தட்டும் அதன் பக்கத்தில் ஒரு பெண்ணும் தெரிந்தார்கள். அந்தப் பெண்ணின் தலைமயிர் இரண்டு நாளாக வாரப்படவில்லை. இது வெயில் இல்லை என்று அவள் நினைத்தாள், வெயில் என்றால் தோலில் ஏதாவது நடக்கவேண்டும், இதில் சூடு இல்லை, இது மீன் தொழிற்சாலை வெளிச்சம், வந்த புதிதில் வேலை செய்த அந்த நீட்டு மண்டபத்தில் மேலே எரிந்துகொண்டிருந்த குழல் விளக்குகள் இப்படித்தான் இருந்தன, அதற்குக் கீழே மீனும் கையுறையும் கத்தியும் ஒரே நிறத்தில் இருந்தன, அப்போது இருட்டு ஒரு பொருட்டே இல்லை, வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு, போகும்போதும் இருட்டு, நாங்கள் சிரித்துக்கொண்டல்லவா போனோம். நாங்கள் என்றால் அவளும் நகுலேஸ்வரனும். கலியாணம் முடித்து வந்த முதல் விண்டரில் அவர் அவளுக்குப் பனியில் நடக்கப் பழக்கினார், பாதத்தை முழுதாக வைக்கவேணும், தாரா மாதிரி நடவும் என்றார். அவள் வாத்தைப்போல ஆடி ஆடி நடந்தாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு எந்த வருசத்தில் நின்றது. அவருக்கா நின்றது, அவளுக்கா. அவளுக்கு நின்றதால் அவருக்கும் நின்றதா.

எந்த விண்டரில் தொடங்கியது என்பதை அவள் பலமுறை தேடியிருக்கிறாள். காதுத் தோட்டின் சுரை கழன்று விழுந்தால் நிலத்தைத் தடவித் தடவித் தேடுவதுபோல, வருசம் வருசமாகத் தடவிக்கொண்டு போவாள். மகள் தர்சிகா படிப்பதற்கு ஒஸ்லோவுக்குப் போன விண்டரா. அவளைப் பெற்ற ஐயா ஊரில் செத்தபோது போக முடியாமல் இதே மேசையில் போனை வைத்துச் செத்தவீட்டைப் பார்த்த விண்டரா. இல்லை, அதற்கும் முன்பே, வேலைத்தலத்தில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டு நின்றவள் விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்தபடி அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாளே, அந்த விண்டரா. ஒரு காரணம் கிடைத்தால் போதும். காரணம் இருக்கிற துக்கத்தை ஆட்களுக்குச் சொல்லலாம், ஆட்கள் வருவார்கள், ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார்கள். இதற்கு என்ன சொல்வது. ஒரு மாதிரிக் கிடக்கு என்றுதான் அவளுக்குச் சொல்லத் தெரியும். அதை டாக்டருக்கு நோர்வே மொழியில் சொன்னபோது அது எதுவுமே இல்லாத ஒரு வசனமாகிவிட்டது. டாக்டர் இளம் பிள்ளை, நல்ல பிள்ளை, கேட்கவேண்டியதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டாள், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டாள். இல்லை என்றாள் சுகிர்தமலர். பொய் இல்லை. வேண்டும், வேண்டாம் என்பதற்கெல்லாம் ஒரு பலம் வேண்டுமே. நடக்கப் போங்கள், மீனெண்ணெய் குடியுங்கள், இந்த விளக்கை வாங்குங்கள், குளிசையை நிற்பாட்டாதீர்கள், இங்கே பாதிச் சனத்துக்கு இப்படித்தான், சூரியன் வந்ததும் சரியாகிவிடும். சூரியன் வந்ததும். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். தமிழ் ஆட்கள் மட்டும் வேறொன்று சொல்கிறார்கள், உனக்கென்ன குறை. தங்கமான மனிசன், படிச்ச பிள்ளை, சொந்த வீடு, உனக்கென்ன குறை. அவர்கள் சொல்வது சரி. அவள் அந்தக் கேள்வியைத் தனக்குள் வைத்து உருட்டியபடி இருப்பாள், குறை என்ன, குறை என்ன, கடைசியில் அந்தச் சொல் வெறும் சத்தமாகி, குறை, குறை, கதவுக்கு வெளியே கட்டிப்போட்ட நாயின் சத்தமாகிவிடும்.

மேசையில் கிடந்த அவளுடைய கைகள் இந்த வெளிச்சத்தில் குட்ரூனின் கைகளைப்போல இருந்தன. குட்ரூன் அவள் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில், தாழ்வாரத்தின் கடைசி அறையில் இருந்த கிழவி. மீன்பிடிகாரரின் மனைவி, வாய் ஓயாதவள், கோப்பி ஊற்றிக் கொடுத்தால் உனக்கும் ஊற்று, இரு என்று அதட்டுகிறவள். ஆனால் இருட்டு தொடங்கினால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். தோளைத் தொட்டால் தோளை மட்டும் அசைப்பாள். அவள் எப்போதும் அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சூரியன் வந்தால் எழும்பி இருப்பாள் என்று மகன் சொல்வான். அப்படித்தான் எழும்பியும் இருந்தாள், ஒவ்வொரு வருசமும், ஒரு வருசம் தவிர. அந்த வருசம் மாசி வந்தது, பங்குனி வந்தது, பனி உருகிக் கூரையிலிருந்து வழிந்தது, குட்ரூன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். ஆனி மாதம் வந்தது. ஆனியில் இங்கே சூரியன் படுப்பதே இல்லை, சாமத்திலும் வந்து முகத்தில் அடிக்கும், நித்திரைகொள்வதற்கு யன்னலில் கறுப்புச் சீலை மாட்டவேண்டும். அந்த வெளிச்சம் முழுவதும் அறைக்குள் கொட்டிக்கிடக்க, ஒரு விடியப்புறம் கிழவி செத்துப்போனாள். உடம்பைத் துடைத்தவள் சுகிர்தமலர். சுவர்ப் பக்கமாகவே கிடந்ததால் அந்தக் கன்னத்தில் தலையணையின் வரி விழுந்திருந்தது. துடைத்தும் போகவில்லை. வெளிச்சம் வந்தும் ஏன் எழும்பவில்லை என்று அவள் அப்போது யாரிடமும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

போன் அடித்தது. தர்சிகா.

"அம்மா, லாம்புக்கு முன்னால இருக்கிறீங்களா?"

"ஓம் பிள்ளை."

"கண்ணை மூடக் கூடாது, தெரியும்தானே? மூடினா வேலை செய்யாது."

"மூடேல்லை."

"சாப்பிட்டீங்களா?"

"அப்பா பாண் வச்சிட்டுப் போனவர். சாப்பிடுவன்." பாண் அடுப்படியில் மூடியபடி இருந்தது.

"அம்மா, நான் ஒண்டு சொல்லட்டா? அப்பா சொல்லவேண்டாம் எண்டவர். சூரியன் வாற அண்டைக்குத் தானே உங்களுக்குச் சொல்லவேணுமாம். ஆனா என்னால சொல்லாம இருக்கேலாது. இண்டைக்கு வேலையில சொல்லப் போறார். விடுறன் எண்டு. நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போறீங்க, இனி ஒரு விண்டரும் இங்க இல்லை."

விளக்கிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது, இவ்வளவு நேரமும் அது கேட்கவில்லை.

"அம்மா? ஏன் பேசாம இருக்கிறீங்க? சந்தோசம் இல்லையா?"

"சந்தோசம்தான். ஆனா அப்பாக்கு அந்த வேலை..."

"அப்பாக்கு நீங்கதான் முக்கியம். போன வருசம் அங்க எவ்வளவு நல்லா இருந்தனீங்கள் எண்டு எனக்கு எப்பவும் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மான்ர குரலே மாறிப்போச்சு எண்டு." தர்சிகாவின் குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்கும் பயமா இருந்தது அம்மா. இப்ப இல்லை."

"நீ பயப்பிடாதை. வேலைக்குப் போ."

போனை வைத்தபிறகும் அவள் அதைக் காதோடு வைத்திருந்தாள். இண்டைக்கு. இண்டைக்கு எத்தனை மணிக்கு. அவர் விடிய முதலே போய்விட்டார். துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிற வேலை. வந்த காலத்திலிருந்து அதே இடம், அதே ஆட்கள், அவரை நக்கு என்று கூப்பிடுவார்கள், அவர் அவர்களோடு நின்று கோப்பி குடிக்கும்போது அவருடைய நோர்வே மொழியே வேறு மாதிரி இருக்கும், தோள் அகலமாகிவிடும். ஊரில் போய் அந்த மனிசன் என்ன செய்வார், கோயிலுக்குப் போவார், வாசிகசாலையில் பேப்பர் பார்ப்பார், பின்னேரம் கேற்றடியில் நிற்பார். ஊருக்குப் போவம், ஊருக்குப் போவம் என்று வசந்தத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சொல்வது வேறு என்று அவள் நினைத்திருந்தாள். ஆட்கள் சொல்வார்கள், எல்லாத் தமிழ் ஆட்களும் ஒரு நாள் ஊருக்குப் போவதாகச் சொல்வார்கள், பிறகு முழங்கால் வருத்தத்துக்கு ஆஸ்பத்திரி கிட்ட வேண்டுமென்று இங்கேயே இருந்துவிடுவார்கள். இண்டைக்கு. எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்து வந்தது. நல்லா இருக்கிறன். அவள்தான் சொன்னாள். வேறு யாரும் இல்லை.

போன தையில் அவர்தான் அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார், தனிய, சண்டிலிப்பாயில் அக்கா பரிமளத்தின் வீட்டுக்கு. வெயிலில் போய் இரும், ஒண்டும் செய்யவேண்டாம், சும்மா இரும் என்றார். முதல் இரண்டு மூன்று நாள் உண்மையாகவே நன்றாக இருந்தது, அதுதான் பொல்லாத்தனம், அது இல்லாவிட்டால் அவள் எதையும் நம்பியிருக்கமாட்டாள். கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றாள், முதுகில் வெயில் பட்டது, எலும்புக்குள் உறைந்துபோய்க் கிடந்த ஏதோ ஒன்று இளகி வருவதுபோல இருந்தது, அவள் வாய்விட்டு அம்மா என்றாள். முடிஞ்சுது என்று நினைத்தாள். இருட்டுத்தான், வெறும் இருட்டுத்தான், வேறொன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் முற்பகல், அக்கா முற்றத்தில் பாய் விரித்துச் செத்தல் மிளகாய் காயப்போட்டுவிட்டு, ஆடு வரும், பார்த்துக்கொள் என்று தடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படி ஒரு வெயில். மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது, மிளகாயின் சிவப்பு கண்ணைக் குத்தியது, கொடியில் போட்ட சேலை அட்டை மாதிரி விறைத்து நின்றது. ஒரு நிழல்கூட இல்லை. அந்த வெயிலின் நடுவில், எந்தப் பக்கத்தால் என்று சொல்லத் தெரியாது, அது வந்தது. விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த அதே ஒன்று, அதே பாரம், அதே ருசியற்ற வாய். ஆடு வந்தது. ஆடு பாயில் ஏறியது. அவள் தடியைப் பார்த்தாள், தடி கையில்தான் இருந்தது, அதைத் தூக்குவதற்கு யாரிடம் போய்க் கேட்பது என்பதுபோல இருந்தாள். ஆடு மிளகாயை மிதித்து, ஒன்றிரண்டைக் கடித்து, தும்மிவிட்டுத் தன்பாட்டில் போனது. என்னடி, பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறாய் என்று அக்கா ஓடிவந்தாள். பிறகு மிச்ச நாள் முழுக்க அறைக்குள் கிடந்தாள், வெயில் தலையிடி என்றாள், யன்னல் கதவைச் சாத்தச் சொன்னாள், சாத்தியும் கீலின் இடைவெளியால் வெயில் ஒரு கம்பி மாதிரி வந்து அவளுடைய வயிற்றில் கிடந்தது. நாவூறு என்று அக்கா மிளகாய் சுற்றிப் போட்டாள். கோயிலில் நூல் கட்டினாள். உனக்கென்ன குறை என்று கேட்டுவிட்டு அக்காவே அழுதாள். அன்று பின்னேரம் அவர் போன் எடுத்தார். அங்கே இருட்டு, பனி, அவர் தனிய. எப்பிடி இருக்கு என்றார். நல்ல வெயில் என்றாள். உமக்கு எப்பிடி என்றார். அந்தக் குரலில் ஒரு பிள்ளை நின்றது, பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை. நல்லா இருக்கிறன் என்றாள். மறுபக்கத்தில் அவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது. வந்து இறங்கியதும் சொல்லியிருக்கலாம். கோடையில் சொல்லியிருக்கலாம், கோடையில் அவளே மறந்திருந்தாள், அல்லது மறந்ததாக நினைத்தாள். இருட்டு வெளியே இருக்கிறவரைக்கும் அதைவிட்டுப் போகலாம், பிளேன் ஏறலாம், விளக்கு வாங்கலாம். அவள் அந்த வசனத்தை அதற்குமேல் நினைக்கமாட்டாள், அந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடுவாள், கிணற்று விளிம்பில் நிற்கிற ஆடு மாதிரி. இப்போது போன் எடுத்துச் சொல்லலாம். சொல்லவேண்டாமப்பா, வேலையை விடவேண்டாம், அங்கயும் எனக்கு அப்பிடித்தான் இருந்தது. சின்ன வசனம்தானே. ஆனால் அந்த வசனம் போய் விழுகிற இடத்தை அவள் பார்த்தாள், எண்ணெய்க் கையோடு போனைப் பிடித்தபடி அவர் நிற்பது, அவருடைய முகம். இந்த வீட்டில் அவள் சுகமாகிவிடுவாள் என்று நம்புகிற ஆள் ஒருவர்தான். அவளுக்கு அந்த நம்பிக்கை இல்லை, எப்போதோ போய்விட்டது. ஆனால் அது வீட்டுக்குள் எங்கோ எரிந்துகொண்டிருக்கிறது, அவர் கதவைத் திறந்து வரும்போது அதுவும் கூட வருகிறது, அவள் அதன் ஓரத்தில் இருந்துதான் சோற்றைத் தின்கிறாள், குளிசையை விழுங்குகிறாள். அதையும் அணைத்துவிட்டால். அவருடைய பெயரை போனில் தட்டினாள். இரண்டு தரம் அடித்தது. நிறுத்தினாள். பிறகு எழுதினாள், வேலையை விட, அதோடு நின்றுவிட்டது, அழித்தாள். வெளியே நீலம் வந்திருந்தது. ரோட்டால் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் மின்னுகிற மேற்சட்டை போட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி போனார்கள். ஒரு பிள்ளை விழுந்தது, விழுந்த பிள்ளை எழும்பவில்லை, பனியிலேயே மல்லாக்கக் கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தது, ரீச்சர் காத்துக்கொண்டு நின்றாள். விளக்கின் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அவள் எழும்பவில்லை. எழும்பினால் அடுத்தது என்ன என்று இருந்தது, முகம் கழுவலாம், முகம் கழுவினால் அதற்கு அடுத்தது என்ன. நீலம் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது, அதைப் பார்த்தபடியே இருந்தாள், யாரோ ஒரு பெரிய பானையைக் கவிழ்ப்பதுபோல.

கதவு திறந்த சத்தம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வருவது வழக்கம் இல்லை. குளிர் காற்றும் டீசல் மணமும் உள்ளே வந்தன. அவள் எழும்பிப் போனாள், கால் மரத்திருந்தது. நகுலேஸ்வரன் வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற வாங்குப் பலகையில் இருந்து, குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தொப்பியில் பனி.

"ஏன், சுகமில்லையோ?" என்றாள்.

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான். நீர் சாப்பிட்டனீரோ?"

"தர்சிகா எடுத்தவள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லிப்போட்டாளோ? வாயை வச்சுக்கொண்டிருக்க மாட்டாள்." சிரிக்கப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லீட்டீங்களோ, அங்க?"

"காலமை போன கையோட சொல்லீட்டன். கையும் குடுத்திட்டான் மனேஜர். எல்லாரும் வந்து முதுகில தட்டினாங்கள்." ஒரு சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "அதுக்குப் பிறகு எனக்கு அங்க நிக்க ஏலாமல் கிடந்தது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இனிச் சொல்லி என்ன, ஆனால் இப்போது சொல்லாவிட்டால் பிளேனில், பிளேனில் சொல்லாவிட்டால் அந்த முற்றத்தில், அந்த வெள்ளை மணலில். வாய் தானாகத் திறந்தது.

"இஞ்சேருங்கோ. நான் போன வருசம் உங்களுக்குப் பொய் சொன்னனான். நான் அங்க நல்லா இருக்கேல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தனான். வெயில் எறிக்க எறிக்கக் கிடந்தனான்."

அவர் மற்றச் சப்பாத்தின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பரிமளமக்கா அப்பவே போன் எடுத்துச் சொன்னவா. ஆடு வந்து மிளகாயைத் தின்னத் தின்னப் பாத்துக்கொண்டிருந்தனீராம். அழுதவா. நான்தான் சொன்னன், மலரிட்டக் கேக்கவேண்டாம் எண்டு."

"அப்ப, நீங்கள் போன்ல..."

"நீர் நல்லா இருக்கிறன் எண்டு சொன்னீர். நானும் சரி எண்டு கேட்டுக்கொண்டன்."

"பிள்ளைக்கும் அப்பிடியே சொல்லியிருக்கிறியள்."

"அவளுக்கு வேற என்னத்தைச் சொல்ல?"

"தெரிஞ்சுகொண்டு ஏன் வேலையை விட்டனீங்கள்?" அவளுக்கே கேட்காத ஒரு குரலில் கேட்டாள். "தெரிஞ்சுகொண்டு ஏனப்பா?"

அவர் முடிச்சை நகத்தால் கிண்டினார். கறுத்த நகம், எண்ணெய் போகாத நகம்.

"சும்மா பாத்துக்கொண்டிருக்க ஏலாது மலர். ஏதோ ஒண்டு செய்யவேணும் எண்டு கிடந்துது. எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

அவ்வளவுதான். அவள் அவருடைய தொப்பியைப் பார்த்தாள், பனி உருகி ஒரு துளி நுனியில் வந்து நின்றது. ஒரு வருசம். ஒரு வருசமாக அவள் இந்த மனிசனின் நம்பிக்கையை உடையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்துபோனது, உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. அவரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார், அவளுடைய நம்பிக்கை என்று. கோபம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. வீடு மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமாகிவிட்டதுபோல இருந்தது, கூப்பிட்டால் குரல் போய்ச் சேராத அகலம்.

அவள் குனிந்து முடிச்சில் கை வைத்தாள். அவருடைய விரலும் அவளுடைய விரலும் ஒன்றையொன்று தடுக்கின. நாடா ஊதிப்போயிருந்தது.

"விடும்" என்றார். "கிடக்கட்டும். நோட்டீஸ் நாள் முடியுமட்டும் திருப்பிப் போகத்தானே வேணும். நாலு மணிக்குத் திருத்த ஒரு போட் வருது."

"சாப்பிடுங்கோ அப்ப."

"இஞ்சையே தாருமன்."

அவள் குசினிக்குப் போய்க் கோப்பையில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தாள். ஒற்றைச் சப்பாத்தோடு அவர் வாங்கிலிருந்தபடியே மடியில் வைத்துச் சாப்பிட்டார். நேற்றுப் பின்னேரம் அவரே வைத்த மீன்குழம்பு. சூடாக்கவேண்டும் என்பது அவளுக்கு நினைவு வரவில்லை, அவர் பாதிக்குமேல் சாப்பிட்ட பிறகுதான், குழம்பின் எண்ணெய் வெள்ளையாகக் கோப்பையின் ஓரத்தில் உறைந்திருப்பதைக் கண்டாள். அவர் குனிந்தபடி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல், எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டார்.